ரோஜாப்பூ கொடுக்க நாங்கள், ஆலைக்குப் போக அவர்கள்

போன வருஷம், மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. மும்பையில் ஒரு பொறியியல் கல்லூரியில், கெமிக்கல் துறையில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். இப்போது வீடு திலக் நகரில். பிறந்து வளர்ந்ததெல்லாம் மும்பையை அடுத்த அம்பர்நாத். அப்பா அங்கே ஒரு சாய ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்த்தவர்.

அதே அம்பர்நாத்தில் உள்ள ஒரு ரசாயன ஆலையோடு எங்கள் துறைக்கு ஒப்பந்தம் உண்டு. எங்களில் ஒருவர் போய், அங்குள்ள சிக்கல்களை ஆராய்ந்து வழி சொல்ல வேண்டும். பதவி உயர்வுக்கு அந்த அனுபவம் ரொம்ப முக்கியம். வருஷா வருஷம் நான் போகிறேன் என்று கேட்டேன். வருஷா வருஷம் யாராவது ஓர் ஆண்தான் போனார்.

துறைத் தலைவர் மாட்டுங்காத் தமிழர். மற்றவர்களிடம் ஆங்கிலத்தில் 'சார்', 'டாக்டர்' என்று மரியாதையாகப் பேசுபவர், என்னிடம் மட்டும் தமிழில் 'நீ', 'வாம்மா', 'போம்மா' என்பார். நம்ம ஆள், உரிமையோடு பேசுகிறார் என்று ஆரம்பத்தில் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"லாரியும் ஆசிட்டும் ஷிஃப்ட் ஆளுங்களுமா இருக்கும். உனக்கு எதுக்கும்மா இந்த அலைச்சல்? வீட்ல பையன் வேற இருக்கான். உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்பார்.

என் பையன் எட்டாவது படிக்கிறான். எனக்குப் பதிலாகப் போனவருக்கு அப்போதுதான் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. அவர் வீட்டைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. ஆலைச் சங்குச் சத்தத்தில் கண் விழித்து வளர்ந்தவளுக்கு லாரியைக் காட்டிப் பயமுறுத்துகிறார்களே என்று வயிறு எரியும். ஆனாலும் பேசாமல் வந்துவிடுவேன்.

என்னைச் சமாதானப்படுத்தவோ என்னவோ, துறையின் பாலினச் சமத்துவக் குழுவுக்கு என்னை ஒருங்கிணைப்பாளர் ஆக்கினார். மகளிர் தினத்துக்கு ரங்கோலிப் போட்டி நடத்துவதுதான் அந்தக் குழுவின் வேலை. வேறு எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்ற பதில்தான் வரும்.

கல்லூரிக்குத் தரம் வழங்க வெளியூரிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வந்தது. பெண் ஆசிரியைகள் எல்லாரும் ஒரே நிறப் பட்டுப்புடவை கட்டி வாசலில் ரோஜாப்பூ கொடுத்து வரவேற்க வேண்டும் என்று உத்தரவு. ஆராய்ச்சி பற்றி ஆண்கள் பேசுவார்கள், சமத்துவம் பற்றி நான் பேச வேண்டும். அதற்கான ஸ்லைடுகளைக்கூடத் துறைத் தலைவரே தயார் செய்து கொடுத்துவிட்டார். எங்கள் துறையின் மூத்த ஆசிரியையிடம் புலம்பினேன். மராட்டிக்காரர், நல்லவர், ஓய்வு பெறப் போகிறவர். "ஜானே தோ", விட்டுத்தள்ளு என்று என் தோளைத் தட்டிவிட்டுப் பூக்கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

ரங்கோலி, மெஹந்தி, பாட்டுப் போட்டி என்று படம் படமாகக் காட்டி முடித்தேன். ஆய்வுக் குழுவில் இருந்த ஒரே பெண்மணி, இதெல்லாம் சரி, ஆலைத் திட்டத்துக்கு இதுவரை எத்தனை பெண்கள் போயிருக்கிறார்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் துறைத் தலைவர் முந்திக்கொண்டார். எங்கள் பெண் ஆசிரியைகள் யாரும் அதை விரும்பவில்லை, பாடம் நடத்துவதுதான் அவர்களுக்குப் பிடிக்கும் என்று சிரித்த முகத்தோடு சொன்னார்.

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாய்ப்பைத் தராமல் இருந்தது ஒரு பக்கம். வேண்டாம் என்று நானே சொன்னதாக, என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே சொல்கிறாரே! மைக் என் கையில்தான் இருந்தது. "அது உண்மையில்லை. நான் ஒவ்வொரு வருஷமும் கேட்டேன். எனக்குத் தரவில்லை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

வேறு யாராவது கேட்டிருக்கிறீர்களா என்று அந்தப் பெண்மணி ஆசிரியைகள் வரிசையைப் பார்த்துக் கேட்டார். எல்லாரும் குனிந்துகொண்டார்கள். கடைசி நாற்காலியிலிருந்து ஒரு கை மட்டும் உயர்ந்தது. தாராவியிலிருந்து வருகிற தமிழ்ப் பெண் அவள். எங்கள் துறையில் எல்லாரையும்விட இளையவள், ஒப்பந்த வேலையில் இருப்பவள்.

குழு போனதும் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டு, வீட்டு விஷயத்தை வெளியாட்கள் முன்னால் போட்டு உடைத்துவிட்டதாகச் சத்தம் போட்டார். எதிர்பார்த்ததுதான். ஆனால் அடுத்த மாதம் அந்தப் பெண்ணின் ஒப்பந்தத்தை நீட்டிக்கப் போவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். நிரந்தர வேலையில் இருக்கும் என்னைத் தொட முடியவில்லை, அவளைத் தொட்டார்கள்.

என் அறைக்கு வந்து நின்றாள். "நான் கையத் தூக்குனது தப்பாப் போச்சோக்கா?" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. அப்படி ஒரு கோபம் வந்தது.

அவளை அழைத்துக்கொண்டு முதல்வர் அறைக்குக் கிளம்பினேன். வழியில் மூத்த ஆசிரியை எதிரே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் எங்களோடு நடக்க ஆரம்பித்தார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். முதல்வரிடம் நான் பேசவே தேவையிருக்கவில்லை. மூத்தவரே பேசினார். ஆலைக்குப் போகிறேன் என்று தானும் ஒரு காலத்தில் கேட்டதாகவும், கிடைக்காததால் கேட்பதையே விட்டுவிட்டதாகவும், இந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்பினால் தன் பிரிவு உபசார விழாவுக்கு வரப்போவதில்லை என்றும் மராட்டியில் நிதானமாகச் சொன்னார்.

அவள் ஒப்பந்தம் நீண்டது. ஆலைக்கு இனி எல்லாரும் முறைவைத்துப் போக வேண்டும் என்று உத்தரவும் வந்தது. முதல் முறை நானும் அந்தப் பெண்ணும் சேர்ந்தே போனோம். என் பதவி உயர்வு இன்னும் வரவில்லை. 'பார்க்கலாம்' என்கிறார்கள்.

தைரியமாகப் பேசினாய் என்று இப்போது பலரும் பாராட்டுகிறார்கள். எனக்கு அதில் பெருமை எதுவும் இல்லை. இத்தனை படித்தவர்கள் இருக்கும் ஒரு துறையில், அந்த ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்க வெளியூரிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்ததே என்பதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.