செம்பாக்கத்து டீச்சரின் பூரண சுகம்

இறந்தவரின் கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களைப் பிரித்தெடுத்து, சர்க்கரை நோயாளியின் ஈரலுக்குள் மெல்லிய குழாய் வழியாக விடுவதுதான் என் பிழைப்பு. "இவ்வளவுதானா? கத்தியே வைக்கலையே சார்!" என்று கேட்காத ஆளில்லை. கத்தி வைத்திருந்தாலாவது அவர்களுக்குக் கொஞ்சம் பயம் இருந்திருக்கும்.

செம்பாக்கத்தில் ஒரு டீச்சர். சிறு வயதிலிருந்தே இன்சுலின் ஊசி. சர்க்கரை இறங்குவது அவருக்குத் தெரியவே தெரியாது. வியர்க்காது, கை நடுங்காது, பேசிக்கொண்டே விழுந்துவிடுவார். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்து பல் உடைந்த பிறகுதான் என்னிடம் வந்தார். செல்களை வைத்தோம். பிடித்துக்கொண்டன. ஊசி நின்றது. "உடம்பு அதைத் தள்ளிவிடாம இருக்க மாத்திரை கொடுக்கிறேன். ஆயுசுக்கும் விடக்கூடாது" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன்.

டீச்சரின் சர்ச்சில் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். நானும் ஞாயிறு தவறாதவன்தான், போனேன். டீச்சர் மைக்கைப் பிடித்து, "கர்த்தர் என்னைப் பூரணமா சுகமாக்கினார்" என்று சாட்சி சொன்னார். எனக்குச் சால்வை போர்த்தினார்கள். கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

சில மாதங்களில் அவர் சர்க்கரை எகிறியது. ரத்தத்தில் மாத்திரையின் சுவடே இல்லை.

"நிறுத்திட்டீங்களா?"

"பூரண சுகம்னு நானே சாட்சி சொல்லிட்டு, மாத்திரையும் போட்டா அது பொய்யாயிடாதா டாக்டர்?"

"பாஸ்டர் நிறுத்தச் சொன்னாரா?"

"ஐயோ, அவரு ஒண்ணும் சொல்லலை. நானாத்தான்."

சாவு வீட்டில், அழுகைக்கு நடுவே ஒரு குடும்பம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த செல்கள் அவை. சத்தமில்லாமல் செத்துப்போயிருந்தன.

"இன்னொரு தடவை வைக்கலாமா டாக்டர்?"

டெஸ்ட் எடுத்துப் பார்த்தோம். முதல் செல்களை எதிர்த்துப் பழகிவிட்ட அவர் உடம்பு இனி யாருடைய செல்லையும் ஏற்கும் நிலையில் இல்லை. அதைச் சொன்னபோது அவர் அழவில்லை. மறுபடி ஊசி எழுதிக் கொடுத்தேன். எழுந்தவர் கதவருகே நின்றார்.

"ஊசி போடறேன்னு சர்ச்ல யாருக்கும் தெரிய வேணாம் டாக்டர். ஸ்கூல்லயும்தான். பாத்ரூம்ல போட்டுக்கறேன்."

"விழுந்து கிடந்தா, சர்க்கரை இறங்கித்தான் விழுந்தீங்கன்னு யாருக்குத் தெரியும்? செத்துப் போயிடுவீங்கம்மா!" என்று கத்தினேன். வெளியே நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"விழ மாட்டேன் டாக்டர்," என்றார் டீச்சர். "நீங்களும் ஜெபம் பண்ணிக்கோங்க."