காந்தத்தில் ஒட்டாத மணல்

கருமணலில் குண்டு மருந்து இருக்கிறது என்ற பேச்சை நெட்டுக்குப்பத்துக்குக் கொண்டுவந்தவள் ரசூல் பீவி. டோல்கேட்டிலிருந்து கருவாடு வாங்க வருகிறவள். அவளும் எதையும் நேரில் பார்த்ததில்லை. அவள் தம்பி துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். அவனுக்குக் கப்பலில் வந்த மலையாளத்தான் ஒருவன் சொன்னானாம். தெற்கே அவர்கள் ஊர்க் கடற்கரையில் கிடக்கிற கறுப்பு மணலை வெள்ளைக்காரன் கப்பல் கப்பலாக அள்ளிப் போகிறானாம். பிரித்தெடுத்தால் அணுகுண்டுக்கு ஆகிற, தங்கத்தைவிட உசத்தியான உலோகம் ஒன்று அதில் கிடைக்குமாம்.

"உங்க கரையிலகூட கறுப்பா கோடு கோடா கீதே, அது இன்னா மண்ணு?" என்று கேட்டுவிட்டு அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பேச்சு மட்டும் எத்திராஜ் காதுக்குள் குடியேறிவிட்டது.

எத்திராஜ் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவன். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியானபோது, குப்பத்தில் கிளம்பாமல் உட்கார்ந்திருந்தவன் அவன். என்ன தைரியம் என்று ஊர் மெச்சியது. "தைரியமாவது ஒண்ணாவது! வலை காயட்டும், அப்புறம் போலாம்னு சொல்லிகினே இருந்தாரு" என்றாள் அவன் பெண்சாதி அங்கம்மா. சண்டை முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியும் அவன் குணம் காயவில்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு அலை புரட்டிப் போடுகிற கறுப்புக் கோடுகளைத் தேங்காய் ஓட்டால் வழித்தான். மரத்தில் குடைந்த மரவையில் தண்ணீர் விட்டுச் சுழற்றினான். வெள்ளை மணல் வழிந்தோட, கனமானது அடியில் தங்கியது. அதைக் காயவைத்து அங்கம்மாவின் முறத்தில் கொட்டி, கடற்காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்று புடைத்தான். அரிசி புடைக்கிற முறத்தில் மண் புடைப்பதைப் பார்த்த அன்றைக்கு அங்கம்மா அடுப்பு மூட்டவில்லை.

கடைசியாகக் காந்தம். மூர் மார்க்கெட்டில் பட்டாளத்து ரேடியோ உடைசல் விற்கிறவனிடம் வாங்கியது. புடைத்த மணலுக்குள் அதை விட்டால் கறுப்புத் துகள்கள் முள்ளம்பன்றி மாதிரி சிலிர்த்துக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்க்கிறபோதெல்லாம் எத்திராஜ் தனக்குள் சொல்லிக்கொள்வான்: சரக்கு இல்லாமலா இப்படித் தாவி ஒட்டும்? ஒட்டியதை வழித்து மண்ணெண்ணெய் டின்னில் சேர்த்தான். ஒட்டாமல் மிஞ்சியதைக் காலால் ஒதுக்கினான்.

கட்டுமரம் கரையிலேயே கிடந்தது. வெயிலில் பிளந்துவிடும் என்று மச்சான் சுப்புராயன் வந்து கேட்டான். அங்கம்மாவின் தம்பி, சொந்த மரம் இல்லாமல் அடுத்தவர் மரத்தில் பங்குக்குப் போகிறவன்.

"நீ மண்ணு அள்ளிகினு குந்து மாமா. மரத்தைக் குடு, நான் ஓட்டறேன்."

ஊர்ப் பெரியவர்கள் பக்கத்திலிருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பொறுக்காமல் எத்திராஜ் வாயை விட்டான். "எடுத்துகினு போ. மாசி மகத்துக்குள்ள கவர்மெண்டு ஆளுங்க வந்து இந்த மணலைக் கேக்கலேன்னா, மரம் உனுதுதான். போ."

அவன் அப்பன் செதுக்கிக் கட்டிய மரம் அது. சொன்ன வாக்கைக் குப்பத்தில் திருப்பி எடுக்க முடியாது.

டின் இரண்டும் நிறைந்தன. கேட்க யாரும் வரவில்லை. துறைமுகத்தில் போய் விசாரித்தான், வாசலிலேயே விரட்டினார்கள். ராயபுரத்து இரும்புக் கடைக்காரன் டின்னுக்குள் எட்டிப் பார்த்து, "டின்னை வேணா எடுத்துக்கறேன்" என்றான்.

மகத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, எண்ணூரில் கடல் குளிக்க வந்த ஒருவர் அங்கம்மாவிடம் மீன் வாங்கினார். பெயர் ரகுபதி; பட்டணத்தில் கனிமங்களை ஆராய்கிற சர்க்கார் ஆபீசில் வேலை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அங்கம்மா மீனை அப்படியே போட்டுவிட்டு அவர் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"சார், எங்க வூட்டு ஆளுக்கு நீங்களாவது நல்லது கெட்டது சொல்லுங்க. வுடற மூச்செல்லாம் மண்ணாவே கீது."

ரகுபதி டின்னுக்குள் கைவிட்டுப் பார்த்தார். காந்தத்தையும் பார்த்தார். "இதுல சட்டுனு ஒட்டறது வெறும் இரும்பு மண்ணுப்பா. இதுக்காக யாரும் தேடி வரமாட்டாங்க. ஒட்டாம நிக்குமே, அதுல தேன் நிறத்துல, கனமா ஏதாவது இருந்துதா?"

எத்திராஜ் தன் காலைக் குனிந்து பார்த்தான்.

"இருந்துது" என்றாள் அங்கம்மா.

"அதுதான் பார்க்க வேண்டியது. நிச்சயமா ஒண்ணும் சொல்லமுடியாது. ஒரு கைப்பிடி கிடைச்சாக்கூடச் சோதிச்சுடலாம். மகத்துக்கு முந்தின நாள் இருட்டற வரைக்கும் ஆபீசுல இருப்பேன், அப்புறம் கேம்ப் போயிடுவேன். போன் பண்ணுங்க, ஆள் அனுப்பறேன்." சிகரெட்டுப் பெட்டி அட்டையைக் கிழித்து நம்பர் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் எத்திராஜ் பாய்ந்தான். "எங்கடி அது? மிச்ச மண்ணு எங்க?"

"கத்தாத. நீதான காலால தள்ளினே? கனமா கீதேன்னு பழைய வேட்டித் துணியில பை தைச்சேன். வலை அடிக்கயித்துல ஈயக்குண்டுக்குப் பதிலா கட்டிக்கடான்னு சுப்புக்குக் குடுத்துட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"இல்ல, பாதியை வேகவச்சுத் தின்னேன். கேக்கறான் பாரு கேள்வி!"

சுப்புராயன் அன்றைக்குப் பார்த்து வலையோடு பழவேற்காட்டுப் பக்கம் போயிருந்தான். மீன் படுகிறது என்று அங்கேயே தங்கிவிட்டான். எத்திராஜ் நாள் முழுக்கக் கரையில் நின்று கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தான். எத்தனையோ மரம் வந்தது. அவன் மரம் வரவில்லை. மகத்துக்கு முந்தின நாள் உச்சி வெயில் சாய்ந்த பிறகுதான் வந்தது. இடுப்புத் தண்ணீரிலேயே போய் வலையைப் பிடித்தான்.

"இன்னா மாமா, மீனை வுட்டுட்டு அடிக்கயித்தைத் தடவுறே? பேஜாரா கீதே உன்கூட" என்றான் சுப்புராயன்.

பைகள் எல்லாம் சப்பிப் போட்ட மாங்கொட்டை மாதிரி தொங்கின. துணியின் இழை வழியாகக் கடல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிட்டது. எந்தக் கடலிலிருந்து வழித்துச் சுழற்றிப் புடைத்துப் பிரித்தானோ, அந்தக் கடலே மறுபடி கலந்துகொண்டது. எத்திராஜ் ஒவ்வொரு பையாக அமுக்கிக்கொண்டே போனான். வலைக் கடைசியில் அங்கம்மா இரட்டைத் துணியில் தைத்த ஒரு பை மட்டும் விரலுக்குள் கனத்தது. ஒரு கைப்பிடி இருக்கும்.

"நாளைக்குக் கெடு முடியுது. மரத்துக்கு மாவிலை கட்டப்போறேன், மாமா" என்று சுப்புராயன் பின்னாலிருந்து சொன்னான். வம்புக்குச் சொன்னானா, கூச்சத்தோடு சொன்னானா என்று எத்திராஜ் திரும்பிப் பார்க்கவில்லை.

தெரிந்த இடத்தில் போன் இருந்தது டோல்கேட்டில், ரசூல் பீவியின் புருஷன் அத்தாவுல்லா மரம் அறுத்து விற்கிற மரவாடியில்தான். அங்கம்மாவும் கூடவே பஸ் ஏறினாள். "உன்னைத் தனியா வுட்டா பஸ்ஸுலயே கொட்டிட்டு வந்து நிப்பே" என்றாள். பையைத் தானே மடியில் வைத்துக்கொண்டாள். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. அதில் எங்கிருந்தோ வெட்டிவந்த கறுப்புக் கல் குவியல் குவியலாகத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. எத்திராஜ் அதைப் பார்த்து வாய்க்குள் திட்டினான்.

மரவாடியில் ரம்பம் நின்றிருந்தது. அத்தாவுல்லா கடை கட்டுகிற நேரம்.

"பாய், ஒரு போனு. அர்ஜெண்டு."

"உனுக்கு இன்னாப்பா போனு? வஞ்சிர மீனுகூடவா பேசப்போறே?" என்று சிரித்தவர், அங்கம்மாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அட்டையிலிருந்த நம்பரை அவரே எக்சேஞ்சில் சொல்லிக் கேட்டு, ரிசீவரை நீட்டினார். எத்திராஜ் அதைத் தலைகீழாகப் பிடித்தான். அத்தாவுல்லா திருப்பிக் கொடுத்தார்.

மறுமுனையில் மணி அடித்தது.

"யாரும் எடுக்கலை. வைக்கட்டுமா?" என்றது எக்சேஞ்சுப் பெண்ணின் குரல்.

"வைக்காதம்மா. இருட்டற வரைக்கும் இருப்பேன்னாரு. இங்க இன்னும் வெளிச்சம் கீது, பாரு" என்றான் எத்திராஜ், அவளுக்கு மரவாடி வாசல் தெரிகிற மாதிரி. "இன்னொரு தபா அடிம்மா."

அங்கம்மா மடியிலிருந்த பையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஈரம் காய்ந்த துணியில் எங்கோ ஓர் இழை விட்டிருந்தது. தேன் நிறப் பொடி மெல்லிய கோடாக வழிந்து, கீழே கிடந்த மரத்தூளில் விழுந்துகொண்டிருந்தது. "யோவ், இங்க புடி!" என்று அவள் பதறினாள். எத்திராஜ் ஒரு கையால் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் அந்த ஓட்டையை அடைத்தான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.