நான்கு மெயிலாக வந்த முகம்

ஜெயங்கொண்டம் பேருந்து நிலையத்துக்கு எதிர் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் வெற்றிச்செல்விக்கு வேலை. அவள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். முந்திரிக் காட்டுக்குக் கூலிக்குப் போகும் அவள் அம்மா, மகளின் பி.எஸ்சி.யை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். 2001-இல் அந்தப் பக்கம் சொந்தமாக மெயில் வைத்திருந்தவர்கள் குறைவு. கல்யாணத் தரகர்களுக்கும் கல்ஃபில் புருஷன் வேலை பார்த்த பெண்களுக்கும் சென்டரின் ஒரே முகவரிதான். வந்ததைச் செல்வி அச்செடுத்துக் கொடுப்பாள்.

பச்சையம்மாளின் புருஷன் முத்துவேல் மஸ்கட்டில் கட்டட வேலை பார்த்தான். ஆட்களை ஏற்றிப்போன வண்டி கவிழ்ந்துவிட்டதாகப் போன் வந்தது. பிணவறையில் அடையாளம் தெரியாமல் கிடக்கும் ஒருவரின் படத்தைக் கம்பெனி அனுப்பும் என்றார்கள். அவன்தானா என்று வியாழக்கிழமைக்குள் சொல்லவேண்டும். யாரும் கேட்காத உடலை அங்கேயே புதைத்துவிடுவார்கள்.

அவள் கொழுந்தன் சாமிதுரையோடு வந்தாள். மெயிலைத் திறந்தால் படம் இல்லை. எழுத்தும் எண்ணும் குறியுமாகத் திரை முழுக்க வரிவரியாக ஓடியது.

"இம்மாம் எழுதியிருக்காங்களே, என்னா பாப்பா சொல்றாங்க?"

"சேதி இல்லக்கா, இதான் படம். மெயில்ல எழுத்துதான் போவும். அதனால படத்த எழுத்தா மாத்தி அனுப்புவாங்க, நாம திருப்பிப் படமாக்கணும்."

"பி.எஸ்சி.ன்னாங்க. படிக்கத் தெரியலன்னா நேரா சொல்லிட வேண்டியதுதான" என்றான் சாமிதுரை.

செல்வி மெயிலின் தலைப்பைப் பார்த்தாள். பெரிய படம் என்பதால் நான்கு மெயிலாகப் பிரித்திருந்தார்கள். இரண்டுதான் வந்திருந்தன. தரகர்களுக்கு வந்த மாப்பிள்ளைப் படங்களை அவள் அழிக்காமல் விட்டதில் மெயில் பெட்டி நிரம்பி, மீதி இரண்டும் திரும்பிப் போயிருந்தன. வந்ததை வரிசையாக ஒட்டி மாற்றினாள். மேலிருந்து படம் விரிந்தது. சுவர், முடி, நெற்றி, வீங்கி மூடிய கண்கள். அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

பச்சையம்மாள் குனிந்து பார்த்தாள். "இது அவரு இல்ல."

"பாதிதான்க்கா வந்துருக்கு. மீதியக் கேட்டு வாங்கிட்டு..."

"தாலி கட்டுனவரு மூஞ்சி எனக்குத் தெரியாதா? இல்லன்னு பதில் அடி."

"அண்ணி சொல்றாங்கல்ல, அடி" என்றான் சாமிதுரையும். அவன் திரையைப் பார்க்கவேயில்லை.

செல்வி அடித்தாள். மீதியையும் அனுப்பும்படி ஒரு வரி சேர்த்தாள். பெட்டியைக் காலி செய்தாள்.

சனிக்கிழமை இரண்டும் வந்தன. யாரும் கேட்கவில்லை என்பதால் அடக்கம் செய்துவிட்டதாகக் கூடவே எழுதியிருந்தார்கள். செல்வி ஆள் அனுப்பினாள். இருவரும் வந்து நிற்க, நான்கையும் ஒட்டித் திறந்தாள். மூக்கு, உதடு, கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு.

பச்சையம்மாள் கண்ணாடித் திரையில் அந்தக் கயிற்றைத் தொட்டாள்.

"நான் போட்ட முடிச்சு" என்றாள். "கொண்டாரச் சொல்லு பாப்பா."

"பொதைச்சிட்டாங்கக்கா."

"பொதைச்ச எடத்துல என்னா பேரு போட்டாங்களாம்?"

"பேரு தெரியாதுல்லக்கா. நம்பர்தான் போட்டுருப்பாங்க."

சாமிதுரை வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டான். பச்சையம்மாள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

"நாந்தான இல்லன்னேன்" என்றாள் பிறகு. "பேராச்சும் போடச் சொல்லு. அவங்கப்பா பேரும் சேத்து."

செல்வி முத்துவேல் என்று அடித்துவிட்டு நிமிர்ந்தாள். மாமனார் பெயர் பச்சையம்மாள் வாயில் வராது. சாமிதுரைதான் தலை தூக்காமல் சொன்னான், "செல்லக்கண்ணு."