டெல்லாவின் கோட்டு அறை

அமெரிக்காவின் டொலீடோ நகரத்தில் சனிக்கிழமை நடனத்துக்குப் போகிற பெண்கள் அத்தனை பேருக்கும் டெல்லா ஷூமேக்கரைத் தெரியும். அவர்களுடைய அம்மாக்களில் ஒருத்திக்கும் தெரியாது. தெரியாத வரைக்கும்தான் டெல்லாவின் பிழைப்பு.

நடனக் கூடத்தின் மாடியில் கோட்டும் தொப்பியும் வாங்கி வைக்கிற அறை அவளுடையது. வருகிற பெண்கள் கோட்டை மட்டுமா கழற்றினார்கள்? வீட்டில் அம்மா மூச்சு முட்ட இழுத்துக் கட்டி அனுப்பிய இடுப்புக் கச்சையையும் திரைக்குப் பின்னால் போய்க் கழற்றி, காகிதப் பையில் சுருட்டி, டெல்லாவிடம் கொடுத்துவிட்டுத்தான் ஆடப் போனார்கள். கச்சை கட்டினவளோடு ஆட எந்தப் பையனும் தயாராக இல்லை. இரும்பு அடுப்பைக் கட்டிப்பிடித்த மாதிரி இருக்கிறதாம், மகாராஜாக்களுக்கு! கிளம்பும்போது அடையாளத்துக்கு வாங்கிய பித்தளை வில்லையைக் கொடுத்துப் பையை வாங்கி, மறுபடி கட்டிக்கொண்டு, வாசலில் முதுகைத் தடவிப் பார்க்கிற அம்மாவின் கையையும் தாண்டி நல்ல பிள்ளையாக வீட்டுக்குள் போவார்கள்.

"டெல்லாக்கா, கொஞ்சம் தளர்வா கட்டுங்க. மூணு சாண்ட்விச் உள்ள போயிருக்கு" என்று கெஞ்சுவாள் ஒருத்தி.

"திங்கிறப்ப அம்மா ஞாபகம் வரலியாடி? மூச்சைப் பிடி" என்று டெல்லா நாடாவை இழுப்பாள்.

ரயில் பட்டறை விபத்தில் புருஷன் போனபின் டெல்லா சலவைக்கூடத்தில் ஆவியில் வெந்தாள். முழங்கால் இரண்டும் பழுதாயின. உட்கார்ந்து செய்கிற வேலையாக அவளுக்குக் கிடைத்தது இது ஒன்றுதான். தலைநரைத்த அவள் மட்டும் கச்சையை இன்னும் விடவில்லை. அதைக் கட்டாமல் ஒருநாளும் தெருவில் இறங்கியதில்லை.

அந்த வருஷம் தேவாலயத்துப் பெண்கள் சங்கம் கூடத்தை இழுத்து மூடச் சொல்லி நகரசபையில் மனுக் கொடுத்தது. வெட்டிய கூந்தல், முழங்காலை எட்டிப் பார்க்கிற பாவாடை, சிகரெட் என்று ஊரில் நடந்த எல்லாவற்றுக்கும் இந்தக் கூடம்தான் காரணமாம். முன்னால் நின்று கொடி பிடித்தவர்கள் எடித் பிரெண்டிஸும் கோரா ஸ்ட்ரவுட்டும். செவ்வாய்க்கிழமை விசாரணை. கூடம் மூடினால் டெல்லா மறுபடி ஆவியில் நிற்க வேண்டியதுதான்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை நல்ல மழை. கடைசி டிராமைப் பிடிக்க எல்லாப் பெண்களும் ஒரே நேரத்தில் வில்லையை நீட்டினார்கள். அந்தத் தள்ளுமுள்ளில் டெல்லா பக்கத்துப் பக்கத்துக் கொக்கியில் இருந்த இரண்டு பைகளை மாற்றிக் கொடுத்துவிட்டாள். எடித்தின் மகள் வேரா பிரெண்டிஸின் கச்சை கோராவின் மகள் லியோனா ஸ்ட்ரவுட்டுக்குப் போயிற்று, லியோனாவுடையது வேராவுக்கு. ஒரே கடை, ஒரே அளவு. பெண்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் சலவைக்குப் போகிற துணியில் குடும்பப் பெயரைச் சிவப்பு நூலால் தைத்து வைக்காத அம்மா அந்த ஊரில் உண்டா?

திங்கட்கிழமை மத்தியானம் எடித் பிரெண்டிஸ் கோட்டு அறைக்கே வந்து ஒரு பொட்டலத்தை டெல்லாவின் மேசையில் வைத்தாள்.

"இது என் பொண்ணு முதுகுல இருந்துச்சு. ஸ்ட்ரவுட்னு பேர் தைச்சிருக்கு. கோட்டு அறையில கேளுங்கன்னு மட்டும்தான் சொல்றா. எப்படி வந்துச்சு, சொல்லு."

டெல்லா பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். ஏதாவது பொய் சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள், பொய் வரவில்லை.

"நான்தாம்மா பையை மாத்திக் குடுத்துட்டேன். எல்லாப் பொண்ணுங்களும் இங்கதான் கழட்டி வைப்பாங்க."

"எல்லாரும்னா? ஸ்ட்ரவுட் பொண்ணுமா?" அந்தக் குரலில் கோபத்துக்கு நடுவே கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. "நாளைக்கு விசாரணையில இதை எடுத்து வைக்கிறேன் பாரு."

"வைங்க. ஆனா ஸ்ட்ரவுட் வீட்டுக் கச்சை உங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்களேம்மா."

எடித் பொட்டலத்தைச் சுருட்டி எடுக்கும்போதே கதவைத் திறந்துகொண்டு கோரா ஸ்ட்ரவுட் வந்தாள். அவள் கையிலும் ஒரு பொட்டலம். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

"நீ எங்கே இங்கே, கோரா?"

"நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான்."

பொட்டலங்கள் கை மாறின. போவார்கள் என்று டெல்லா காத்திருந்தாள். போகவில்லை. கோரா திரைப் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இது இல்லாம எப்படி ஆடுறாங்க? முதுகு வலிக்கலியாமா?"

"நல்லாத்தாம்மா ஆடுறாங்க. விடிய விடிய ஆடச் சொன்னாலும் ஆடுவாங்க. எனக்குத்தான் இது இல்லாம நிக்க வராது."

எடித் தன்னையறியாமல் தன் இடுப்பில் கை வைத்தாள். "பொம்பளைக்கு முதுகெலும்பு தானா நிக்காதுன்னு எங்கம்மா சொன்னாங்க. எனக்கு அப்ப பதிமூணு வயசு. அதையே சொல்லித்தான் வேராவுக்கும் கட்டிவிட்டேன்."

"எங்கிட்டயும் அதான் சொன்னாங்க" என்றாள் கோரா.

டெல்லாவுக்கு அவர்கள்மேல் இருந்த பயம் விட்டுப்போயிற்று. பாவமாக இருந்தது. தன்னை நினைத்தாலும் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் போகும்போது நாளைக்கு என்ன பேசப்போகிறோம் என்று இரண்டு பேரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் நகரசபையில் டெல்லா கடைசி வரிசையில், மடியில் கைகளைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தாள். மனுக் கொடுத்தவர்கள் பேசலாம் என்றார் தலைவர். எடித் எழுந்தாள். கையுறையைச் சரிசெய்தாள்.

"அந்தக் கூடத்து மாடிப்படியில வெளிச்சம் பத்தல. ராத்திரி நம்ம பொண்ணுங்க இறங்கி வர்ற இடம். ஒரு நல்ல விளக்கு போடச் சொல்லணும்."

கூடத்தை மூடுகிற பேச்சு இனிமேல்தான் வரும் என்று தலைவர் காத்திருந்தார். "அவ்வளவுதானா?"

"கைப்பிடியும் ஆடுது" என்றாள் கோரா, எழுந்து நின்று.

கடைசி வரிசையில் டெல்லா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூடத்தை மூடப்போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து, பக்கத்திலிருந்த பெரியவர் அவளுக்கு ஆறுதல் சொன்னார்.