மைக்கின் கீழே ஒரு பெஞ்சு

இன்று காலையும் போனில் அந்தப் படம் வந்தது. இந்த முறை வட அந்தமானின் மாயாபந்தரிலிருந்து, முன்பு என்னோடு டைப்பிங் வகுப்புக்கு வந்த ஒருத்தி அனுப்பியிருந்தாள். மஞ்சள் டீ-ஷர்ட், முன்பல் ஒன்று இல்லாத சிரிப்பு. கீழே இந்தியில் இரண்டு வரி: இந்தப் பையனைக் காணவில்லை, பார்த்தவர்கள் தெரிவிக்கவும், எல்லோருக்கும் அனுப்பவும். அந்தப் பையன் அப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து, தோசையின் மொறுமொறு ஓரத்தை மட்டும் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். படத்தைப் பார்த்தேன், அவனைப் பார்த்தேன், மறுபடியும் படத்தைப் பார்த்தேன். எதுவும் தோன்றவில்லை. சட்னி வேண்டுமா என்று கேட்டேன்.

நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீங்கள் பயந்துகொண்டே படிக்க வேண்டாம். துர்கா பூஜையின் கடைசி நாள் சாயங்காலம், சிலையைக் கடலுக்குக் கொண்டுபோக லாரி வந்து நின்ற நேரத்தில், கூட்டத்தில் என் மகன் அகிலின் கை என் கையிலிருந்து போய்விட்டது. எட்டு வயது. கொஞ்ச நேரத்தில் கிடைத்துவிட்டான், ஒரு கீறல்கூட இல்லை. அவ்வளவுதான் நடந்தது. இடையில் நான் பதறிப்போய் அனுப்பிய படம் மட்டும் இன்னும் தீவு தீவாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

"அதான் கெடச்சுட்டான்ல, இன்னும் என்ன?" என்கிறார் என் கணவர். அவர் சொல்வது சரிதான். நான் அழவும் இல்லை. வெகுநேரம் மடக்கி வைத்திருந்த காலைக் கிள்ளிப் பார்த்தால் யாருடைய காலையோ கிள்ளுவதுபோல் இருக்குமே, அப்படி இருக்கிறது. அகில் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று வாளிச் சத்தத்தைக் கேட்கிறேன். சத்தம் நின்றால் கூப்பிடுகிறேன். அவன் பள்ளிக்கூடத்தில் தீபாவளி மேளா வருகிறது. வளையம் எறிகிற ஸ்டாலுக்கு நண்பர்களோடு போக வேண்டும், நான் கூட வரக்கூடாது என்று கேட்டிருக்கிறான். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்த மஞ்சள் டீ-ஷர்ட்டை இரண்டு தடவை துவைத்துவிட்டேன். காலரில் இன்னும் தேங்காய் நாரும் சாம்பிராணியும் சேர்ந்து எரிந்த வாசனை இருக்கிறது. மண்சட்டியில் தணலைப் போட்டு, சட்டியைக் கையில் ஏந்திப் பெங்காலிகள் ஆடுவார்களே, அந்தப் புகை. நேற்று மாடியில் அதை உதறிக் காயப்போடும்போது என்னையறியாமல் மூக்கருகே கொண்டுபோனேன். இப்போது குடியிருக்கும் குட்வில் எஸ்டேட்டின் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, சின்ன வயது லம்பா லைனுக்குப் போய்விட்டேன்.

அப்போது நாங்கள் லம்பா லைன் குடியிருப்பில் இருந்தோம். விமானம் வந்தால் சோற்றை விட்டுவிட்டு ஓடிப்போய் அண்ணாந்து பார்த்த காலம். அக்டோபரிலும் மழை விட்டிருக்காது. பூஜை மைதானம் சேறாகிக் கிடக்கும். மரமில்லிலிருந்து மரத்தூளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டிப் பரப்புவார்கள். படாக் மரத்தூள், செக்கச் செவேல் என்று இருக்கும். நனைந்ததும் அதிலிருந்து கிளம்புகிற வாசனைக்கு நான் இன்னும் பெயர் கண்டுபிடிக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது எல்லோர் பாதமும் மருதாணி வைத்ததுபோல் சிவந்திருக்கும்.

பூஜை பெங்காலிகளுடையது என்றாலும் மைதானம் எல்லோருடையதும். அவர்கள் மத்தியானம் கிச்சுடி போடுவார்கள். நம் வீடுகளில் சரஸ்வதி பூஜைச் சுண்டல். தூக்குச்சட்டிகள் குறுக்கும் நெடுக்கும் போய்வரும். "சோத்தக் கொழையவிட்டு அதுக்கு ஒரு பேரு வேற" என்று என் அம்மா தூத்துக்குடிக்காரியாக முகம் சுளிப்பாள். பிறகு சட்டியை வழித்துச் சாப்பிடுவாள். சங்கு ஊதும் போட்டி, கயிறு இழுத்தல், மெழுகுவத்தி ஏந்தி ஓடுவது என்று சாயங்காலமெல்லாம் ஏதாவது நடக்கும். நாற்காலியைச் சுற்றி ஓடும் ஆட்டத்தில் நான் எப்போதும் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுவேன். பாட்டு நின்றதும், யாராவது உட்கார வருகிறார்களா என்று திரும்பிப் பார்த்து வழிவிட்டு நிற்கிற ஆள். இன்றைக்கும் கப்பல் டிக்கெட் வரிசையில் அப்படித்தான்.

அந்த மைதானத்தில் எனக்கு மிகவும் பிடித்தது மேடைக்குப் பக்கத்திலிருந்த மைக் மேசை. பிஸ்வாஸ் தாதா அங்கே உட்கார்ந்திருப்பார். மின்துறையில் லைன்மேன். பெங்காலியில் தாதா என்றால் அண்ணன். அவர் வயதுக்கு அது பொருந்தாது, ஆனாலும் பேரப்பிள்ளைகளுக்கும் அவர் தாதாதான். மேசையை ஒட்டி ஒரு பெஞ்சு. கூட்டத்தில் தனியாக நிற்கிற குழந்தையை யார் பார்த்தாலும் கொண்டுவந்து அந்தப் பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார்கள். உட்கார்ந்ததும் கையில் ஒரு தேங்காய் உருண்டை. அதற்காகவே காணாமல் போகிறவர்கள் உண்டு. தெலுங்குக் காண்ட்ராக்டர் வீட்டுப் பையன் ஒருவன் பூஜை நாட்களில் தினமும் காணாமல் போவான். "அரே, து ஃபிர் ஆகயா?" மறுபடியும் வந்துட்டியா என்று பிஸ்வாஸ் தாதா அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டி, உருண்டையையும் கொடுப்பார்.

பெயர் கேட்டுப் பயனில்லை. பாதிப் பேருக்கு வீட்டில் பாபு என்றுதான் பெயர். உடுப்பின் நிறமும் உதவாது. மெயின்லேண்டிலிருந்து கப்பலில் ஒரே பேல் துணி வந்திறங்கும். அந்த வருஷம் நீலக் கட்டம் என்றால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் நீலக் கட்டம். அதனால் பிஸ்வாஸ் தாதா நேராக விஷயத்துக்கு வருவார்: "பாபா கா டிபார்ட்மெண்ட்?" அப்பாவுக்கு எந்த இலாகா? ஃபாரஸ்ட், பி.டபிள்யூ.டி., போலீஸ். எங்கள் ஊரில் மனிதர்களுக்கு விலாசம் அதுதான். அதை இந்தியில் சொல்லுவார், பெங்காலியில் சொல்லுவார். பிறகு பக்கத்தில் நிற்கிற தமிழாள், மலையாளத்தாள் யாரையாவது இழுத்துச் சொல்லவைப்பார். பிள்ளையைத் தேடுகிறவர்கள் இரண்டாவது மொழியில் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிடுவார்கள்.

என் தம்பி முத்து காணாமல் போனது, அப்பா எங்களோடு பூஜைக்கு வந்த வருஷம். அப்பாவுக்குத் தீவுகளுக்கிடையே ஓடுகிற கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. கார் நிக்கோபார், கட்சால், காம்பெல் பே என்று போய்க்கொண்டே இருப்பார். பூஜைக்குக் கரையில் இருந்ததே இல்லை. அந்த வருஷம் அன்று காலையில்தான் கப்பல் வந்தது. அம்மாவுக்கு வீட்டில் பூஜை வேலை இருந்தது. "ரெண்டையும் கூட்டிட்டுப் போங்க. பாத்துக்கிடுவீயல்லா?" என்று நூறு தடவை கேட்டு அனுப்பினாள்.

சங்கு ஊதும் போட்டி நடந்துகொண்டிருந்தது. முத்து அப்பாவின் மறுபக்கத்தில் நிற்கிறான் என்று நான் நினைத்திருந்தேன். என்னோடு நிற்கிறான் என்று அப்பா நினைத்திருந்தார். மைக் கரகரத்தது. ஒரு பையன் கிடைத்திருக்கிறான், நீலக் கட்டம் போட்ட நிக்கர், அவனுடைய பாபா ஜஹாஸில், அதாவது கப்பலில், இருக்கிறார், அம்மா சீக்கிரம் வரவும். அப்பா சூள் கொட்டினார்.

"எவம் புள்ளையோ, பாவம். அப்பன் கடல்ல கெடக்கான். புள்ள இங்க ஒத்தையில நிக்கி."

சொல்லிவிட்டு மறுபடியும் சங்கு ஊதுகிறவர்களைப் பார்க்கத் தொடங்கினார். ஜஹாஸில் புருஷன் இருக்கிற பெண்கள் எல்லாத் திசையிலிருந்தும் பெஞ்சை நோக்கி ஓடினார்கள். ஒருத்தி செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு ஓடியதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். ஓடியவர்களில் எங்கள் பக்கத்து வீட்டு மேரியக்காவும் உண்டு. அவள் புருஷனும் கப்பலில்தான். அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

"ஏல முத்து! நீயால? ஒங்கப்பா ஜஹாஸ்லயா இருக்காரு? அந்தா நிக்காருல, சங்கு ஊதுதத வாயப் பொளந்து பாத்துக்கிட்டு!"

அப்பா குனிந்து தன் இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். பிறகு ஓடினார். எண்ணெய்ச் சூட்டில் கறுத்துப்போன அந்த மனிதர் அப்படி ஓடி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. முத்து நிம்மதியாகத் தேங்காய் உருண்டை தின்றுகொண்டிருந்தான். பிஸ்வாஸ் தாதா அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். மைக்கை எடுத்து, பையன் கிடைத்தாயிற்று, யாரும் கவலைப்பட வேண்டாம் என்று முதலில் சொன்னார். அப்புறம், "பாபா பி மில்கயா! ஜஹாஸ் மே நஹீ, மைதான் மே தா!" என்றார். அப்பாவும் கிடைத்துவிட்டார், கப்பலில் இல்லை, மைதானத்திலேயே இருந்தார். மைதானமே கைதட்டியது. சங்குப் போட்டியில் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்துத் தோற்றுப்போனார்.

அம்மாவிடம் விஷயம் எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. "கப்பல ஓட்டத் தெரியும், ஒரு புள்ளையக் கையில புடிக்கத் தெரியாது."

"கப்பல ஓட்டுதது கேப்டன்ட்டீ. நான் எண்ணெ ஊத்துதவன்."

எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அப்பா முத்துவை மடியில் இழுத்துவைத்துக் கேட்டார், "காலைலதானல அப்பா வந்தேன்? ஒனக்கு முட்டாயி வாங்கித் தரலியா? ஏன் அப்படிச் சொன்ன?"

"அப்பா ஜஹாஸ்லதான இருப்பாரு?" என்றான் முத்து.

அடுத்த நாள் மைதானத்துக்குப் போனபோது அப்பா முத்துவைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அவனுக்குக் கால் வலித்து, இறக்கிவிடு என்று அழுத பிறகும் இறக்கவில்லை. அப்பா இறந்துபோய்ப் பல வருஷங்கள் ஆகின்றன. இப்போது அகிலின் மணிக்கட்டை நான் பிடிக்கிற பிடியில், அவன் "வலிக்குதும்மா" என்கிறபோது, அப்பா ஏன் இறக்கவில்லை என்று தெரிகிறது. தெரிந்தும் பிடி தளர்வதில்லை.

கட்சாலிலிருந்து ரப்பர்த் தோட்டத்துக் குடும்பத்தினர் பூஜைக்கென்று கப்பலேறி வந்து, மேரியக்கா வீட்டில் தங்குவார்கள். சுனாமிக்குப் பிறகு அவர்கள் வரவில்லை. பிஸ்வாஸ் தாதா ரிட்டயரானார். பூஜை லம்பா லைனைவிட்டுப் பெரிய மைதானங்களுக்குப் போனது. இதெல்லாம் நடக்கும்போது யாரும் எதையும் இழந்ததாக நினைக்கவில்லை. நானும்தான். இந்த வருஷம் எல்.இ.டி. திரையைப் பார்த்து, எவ்வளவு அழகாக இருக்கிறது என்று அகிலிடம் சொன்னது நான்தான்.

அதைச் சொல்லிக் கொஞ்ச நேரத்தில்தான் என் கையில் அவன் கை இல்லை.

கால்கள் தாமாகவே மேடைக்குப் பக்கத்தில் போய் நின்றன. அங்கே மேசை இல்லை. காதில் ஹெட்செட் மாட்டிய ஒரு பையன் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றான். மெயின்லேண்டிலிருந்து வந்த நிகழ்ச்சிக் கம்பெனியின் ஆள். தப்பாகச் சொல்லக்கூடாது, மரியாதையாகத்தான் பேசினான். நடுவில் நிறுத்த முடியாது மேடம், இப்போது ஸ்பான்சர் நேரம் ஓடுகிறது, ஃபோட்டோ இருந்தால் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுங்கள், அதுதான் சீக்கிரம் போய்ச் சேரும். போட்டேன். உண்மையிலேயே சீக்கிரம் போய்ச் சேர்ந்தது. அந்தமான் முழுவதற்கும் போனது. நான் நின்ற இடத்திலிருந்து இருபது முப்பது அடி தள்ளி, திரைக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேளக்காரர்களுக்கு மட்டும் போகவில்லை.

அவன் அங்கேதான் இருந்தான். பெரிய மேளத்தின் மேல் குனிந்து இரண்டு குச்சிகளால் தட்டிக்கொண்டிருந்தான். "ஆப்கா பச்சா ஹை? அச்சா பஜாதா ஹை," உங்க பிள்ளையா, நல்லா வாசிக்கிறான் என்றார் ஒரு மேளக்காரர். அகில் என் முகத்தைப் பார்த்துக் குச்சிகளை மெதுவாகக் கீழே வைத்தான்.

"எங்கேடா போன?"

"எங்கயும் போகலம்மா. இங்கதான இருந்தேன்."

அவனைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அந்த ஹெட்செட் பையனிடம் போனேன். எதற்குப் போனேன் என்று இன்றுவரை எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பையன் கிடைத்துவிட்டான், ஒரு வார்த்தை மைக்கில் சொல்லிவிடுங்கள் என்றேன். அவன் ஒரு பக்கக் காதிலிருந்து ஹெட்செட்டை நகர்த்தி, புரியாமல் என்னைப் பார்த்தான்.

"பட் மேடம், காணோம்னே நாங்க அனௌன்ஸ் பண்ணலியே," என்றான் இந்தியில், மென்மையாக.

சரிதானே. திரையில் யாருக்கோ ஸ்கூட்டர் பரிசு விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெண் கையில் தட்டோடு நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த லைன், எந்த டிபார்ட்மெண்ட் வீட்டுப் பெண் என்று தெரியவில்லை. அவளிடம் தமிழிலேயே சொன்னேன், "எம் பையன் கெடச்சுட்டான்." அவள் என்னையும் அகிலையும் பார்த்தாள். தமிழ் புரியாமல், நாங்கள் அந்தப் பக்கம் போக வழி கேட்கிறோம் என்று நினைத்து, தட்டைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு, ஒதுங்கி வழிவிட்டாள்.