சாவியைக் கொடுத்த பிறகு வந்த பணம்

2024 மார்ச் 11, திங்கட்கிழமை. காலை 4.50க்கு எழுந்தேன். அரை மணி நேரம் வேதவாசிப்பும் ஜெபமும். 5.40க்கு மோட்டார் போட்டேன். 6.15க்கு என் கணவர் ஞானராஜுக்குக் கஞ்சியும் இதய மாத்திரையும் கொடுத்தேன். எட்டு மணிக்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அன்றைய டைரிப் பக்கத்தில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது.

பதினேழு வருடம் அந்த நேரத்தில் நான் நாவலூர் பஸ்ஸில் இருந்திருப்பேன். ஐ.டி. கம்பெனிகளுக்கு வண்டி அனுப்பும் ஒரு காண்டிராக்டரிடம் கணக்கு எழுதினேன். டிரைவர்கள் கொடுக்கும் டிரிப் ஷீட்டைச் சரிபார்ப்பது என் வேலை. 2023 அக்டோபர் 31 அன்று அவருடைய காண்டிராக்ட் கைவிட்டுப் போனது. அதோடு என் வேலையும் போனது. எனக்கு வயது ஐம்பத்திரண்டு. கணவர் பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டி ஓட்டுவதை விட்டிருந்தார்.

அந்த ஆபரேஷனுக்கு வாங்கிய கடன்தான் எங்களை நெருக்கியது. மாதத் தவணை 14,800. சம்பளம் நின்றதும் மேற்குத் தாம்பரத்தில் உள்ள அந்த நிதி நிறுவனக் கிளைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். தவணையைப் பாதியாக்கி, காலத்தை நீட்டி, ஜனவரியில் ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றுதான். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் ஏற்பாடு ரத்து. முழுத் தொகையையும் ஜாமீன்தாரர் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஜாமீன் போட்டவன் என் தம்பி ஸ்டீபன். பஸ் கண்டக்டர். அவன் மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். அவன் சம்பளத்தில் கை வைத்தால் அவள் படிப்பு நிற்கும்.

அதனால் தினமும் ஒரே ஜெபம்: ஆண்டவரே, வேலை கொடும். எவ்வளவு சம்பளம், எந்தத் தேதிக்குள் என்றுகூட டைரியில் எழுதிவைத்து ஜெபித்தேன். இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதி மாதம் ஏழாயிரம் வந்தது. வேறு எதுவும் அசையவில்லை.

அந்தத் திங்கட்கிழமை மாலை வீட்டுக்காரர் வேலாயுதம் வந்தார். அஸ்தினாபுரத்தில் அவருடைய வீட்டில்தான் நாங்கள் லீஸுக்கு இருந்தோம். ஐந்து லட்சம் மொத்தமாகக் கொடுத்திருந்தோம். மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது அதே ஐந்து லட்சம் திரும்பி வரும். அவர் உட்காராமலேயே சொன்னார்.

"தப்பா நெனச்சுக்காதம்மா. வீட்ட பில்டருக்குக் குடுத்துட்டேன். ஏப்ரலுக்குள்ள காலி பண்ணித் தரணும்."

அவர் போன பிறகு அடுப்படியில் நின்று அழுதேன். வேலை போயிற்று, இப்போது வீடுமா என்று கர்த்தரிடம் கோபமாகவே கேட்டேன். கணவர், "கணக்குப்பிள்ளை, அந்த அஞ்சு லட்சத்த எந்தப் பக்கத்துல எழுதி வெச்சிருக்க?" என்றார்.

நான் எழுதவே இல்லை. எங்கள் பக்கத்தில் லீஸ் பணத்தை யாரும் பணமாக நினைப்பதில்லை. அது வீடு. ஒரு லீஸ் வீட்டிலிருந்து இன்னொரு லீஸ் வீட்டுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போவோம். வாடகைக்கு இறங்கினால் நொடித்துவிட்டார்கள் என்று பேசுவார்கள். கடனுக்கு மீதி 4,11,000. வர வேண்டியது ஐந்து லட்சம். நான்கு மாதமாக ஒரு ரூபாய் விடாமல் கணக்குப் போட்டவள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"நீ கேட்டது வேலை. கர்த்தர் எடுத்துக் குடுக்கறது லீஸ் பணம். வேணாம்னு திருப்பி அனுப்பப் போறியா?" என்றார் கணவர்.

இரும்புலியூரில் ஒரு சின்ன வாடகை வீடு பார்த்தோம். அட்வான்ஸ் கொடுத்ததில் ஏப்ரல் 5 தவணை தவறியது. அடுத்தது மே 5. அதற்குள் லீஸ் பணம் வந்துவிடும் என்றுதான் துணிந்தேன்.

ஏப்ரல் 26 அன்று வேலாயுதம் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "இன்னாம்மா பண்றது, வூடு காலியா இருந்தாதான் பில்டர் மீதிப் பணம் தரேன்றான். சாவி குடுத்துடு. மூணே நாள். நான் எங்க ஓடப்போறேன், இந்த ஊர்லயே பொறந்தவன்."

விஷயம் கேட்டு ஸ்டீபன் டூட்டி முடிந்த கையோடு யூனிஃபார்மிலேயே வந்தான்.

"அக்கா, உனக்கு இன்னா ஆச்சு? பணத்த வாங்காம எவனாச்சும் லீஸ் வூட்டு சாவிய குடுப்பானா? நான் அஞ்சு ரூபா டிக்கெட்டே காசு வாங்காம கிழிக்கமாட்டேன்."

"மே அஞ்சு வருதுடா. சாவி குடுக்கலன்னா பணமே வராது."

"குடுத்துட்டு வரலன்னா? அவரு பொறந்த ஊர்ல நீ போய் நியாயம் கேப்பியா?"

அவன் சொன்னதில் தவறே இல்லை. அவன் சம்பளத்தை வைத்து நான் முடிவெடுக்கிறேன் என்று அவன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

ஏப்ரல் 28, ஞாயிறு. ஆராதனைக்குப் போகுமுன் முழங்காலில் நின்றேன். இந்த முறை தொகையும் தேதியும் சொல்லவில்லை. என்ன செய்யட்டும் என்று மட்டும் கேட்டேன். சத்தமோ தரிசனமோ ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்று ஞாபகம் வந்தது. ஆபரேஷன் நடந்த மாதம் வேலாயுதம் எங்களிடம் கரண்ட் பில் வாங்கவில்லை. கேட்டதற்கு, அப்புறம் பார்க்கலாம் என்றவர் பிறகு பார்க்கவே இல்லை. எழுந்தபோது பயம் குறைந்திருந்தது. மாலை 4 மணிக்குச் சாமான் ஏற்றிய வண்டி கிளம்பியதும் சாவியைக் கொடுத்தேன். ஸ்டீபனும் வந்து பீரோ தூக்கினான்.

மூன்று நாள் போயிற்று. பணம் வரவில்லை. மே 1 விடுமுறை. மே 2 காலை போன் செய்தேன், ஸ்விட்ச் ஆஃப். ஒன்பது தடவை செய்தேன். ஒன்பதும் டைரியில் இருக்கிறது. புது வீட்டில் பிரிக்காத மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஜெபித்தேன். "ஆண்டவரே, நான் ஏமாந்திருந்தால் நான் பட்டுக்கொள்கிறேன். தம்பியையும் அந்தப் பெண்ணின் படிப்பையும் காப்பாற்றும்." அழுகை வரவில்லை. கணவருக்கு மாத்திரை கொடுத்துவிட்டு மூட்டைகளைப் பிரிக்க ஆரம்பித்தேன்.

மே 3, வெள்ளி, காலை 11.40. வாசலில் மொபெட் சத்தம். வேலாயுதம் வேர்த்து வழிய நின்றார்.

"போன் தண்ணித் தொட்டில வுழுந்துடுச்சும்மா. உன் நம்பர் அதுலதான். இந்தத் தெருவ கண்டுபிடிக்கவே பேஜாராயிடுச்சு. பத்திரம் பதியறதுக்கு ரெண்டு நாள் இழுத்துட்டானுங்க. பேங்க்ல போட்டுட்டுதான் வரேன், பாரு."

மெசேஜைத் திறந்து ஐந்துக்குப் பின்னால் ஐந்து சுழி இருக்கிறதா என்று விரல் வைத்து எண்ணினேன். ஐந்தும் இருந்தன. அவருக்கு மோர் கொடுக்கும்போது பாதியைத் தரையில் ஊற்றிவிட்டேன். "சர்க்கரை கம்மியா இருக்கா, உக்காரும்மா," என்றார்.

2.15க்கு நிதி நிறுவனத்தில் இருந்தேன். பாக்கி முழுவதையும் கட்டினேன். அங்கிருந்த அதிகாரி கம்ப்யூட்டரை இரண்டு முறை பார்த்துவிட்டு, "மேடம், இந்த மாதிரி ஏற்பாட்டுல இருக்கறவங்க டைம் கேக்கத்தான் வருவாங்க. முன்னாடியே முடிக்க வந்தது நீங்கதான்," என்றார். 4.20க்குக் கடன் முடிந்த கடிதமும், தம்பி ஜாமீனுக்குக் கொடுத்திருந்த இரண்டு செக்குகளும் என் கைக்கு வந்தன. வெளியே படிக்கட்டில் நின்றே ஸ்தோத்திரம் சொன்னேன்.

பழைய சம்பளத்தில் வேலை இன்றுவரை கிடைக்கவில்லை. இப்போது நான்கு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். வாடகை வீட்டில் இருக்கிறோம். அதைச் சொல்ல வெட்கமில்லை. என் ஜெபம்தான் மாறியிருக்கிறது. முன்பு கர்த்தருக்கு நான் பட்டியல் கொடுப்பேன். இப்போது தேவையைச் சொல்லிவிட்டு, எந்த வழியாகத் தருவது என்பதை அவரிடம் விட்டுவிடுகிறேன். இதை வாசிக்கும் சகோதர சகோதரிகளில் கடனால் தூக்கம் இழந்தவர்கள் இருப்பீர்கள். கொடுக்க வேண்டியவர்களிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். பிறகு முழங்காலில் நில்லுங்கள். நீங்கள் கேட்காத வாசல் திறந்தால் பயப்படாதீர்கள். என்னைத் தாங்கியவர் உங்களையும் தாங்குவார்.

கடன் முடிந்த மறுநாள், மே 4, சனிக்கிழமை. காலை முதல் வேலையாகப் பெருங்களத்தூரில் தம்பி வீட்டுக்குப் போனேன். 5.30 இருக்கும். டூட்டிக்குக் கிளம்பி ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். இரண்டு செக்குகளையும் அவன் கையில் வைத்தேன். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான்.

"என் கையெழுத்து இவ்ளோ கேவலமாவா இருக்குது?" என்றான்.

பிறகு செக்குகளை நான்காகக் கிழித்தான். ஒற்றை ஷூவோடு எழுந்து வந்து, "ஜெபம் பண்ணுக்கா, பஸ்ஸுக்கு நேரமாகுது," என்று கண்ணை மூடிக்கொண்டான்.