கம்பியூட்டருக்காக நான் போட்ட சண்டை

கம்பியூட்டர் விஷயத்தில் சித்தப்பாவுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்தான்: அணைத்துப் போடுவது. மாநகர சபையில் லிகிதராகக் கோப்பு எழுதும் வேலை முடிந்து வந்து, மஹய்யாவயில் இருந்த தன் வீட்டின் முன்னறையில் கல்யாணக் கார்டு அடித்துக் கொடுப்பார். மெமரியில் காலி இடம் குறைந்துவிட்டதாகத் திரை காட்டினால் போதும், கை சுவிட்சுக்குப் போய்விடும். மறுபடி போட்டால் அது ஆமையாய் நகரும். கிழடு தட்டிவிட்டது என்று கலகெதரக்காரர் ஒருவருக்கு விற்கவும் பேசிவிட்டார்.

நான் விடுவேனா? நாவலப்பிட்டியிலிருந்து படிக்க வந்து, கல்யாணமாகிப் போன சித்தப்பா மகள், என் அக்காவின் அறையில் தங்கியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர் பாடத்தில் லினக்ஸ் படித்த திமிர் வேறு. சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றேன்.

“அணைக்க விடமாட்டேன் சித்தப்பா. இங்க பாருங்க.”

ஒரு கார்டு ஃபைலைத் திறந்தேன். இழுத்து இழுத்து வந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தேன். கண் இமைப்பதற்குள் வந்து நின்றது.

“மொதல்ல டிஸ்க்ல இருந்து எடுத்துச்சு. திரும்பத் தேவப்படும்னு மெமரியில வச்சிருக்கு. அதுவும் சும்மா கெடக்கிற எடத்துலதான். வேற வேலைக்கு எடம் வேணும்னா, ரொம்ப நாளாத் தொடாத ஃபைலத் தூக்கிட்டுக் குடுத்துரும். நீங்க அணைச்சா மெமரியில வச்சதெல்லாம் போயிரும், மறுபடி டிஸ்க்ல இருந்துதான் எடுக்கணும்.”

“இவ வாயப் பாரு,” என்று சித்தப்பா சிரித்தார். விற்பதில்லை என்று வாக்கும் கொடுத்தார்.

தேநீரோடு நின்ற சித்தி கேட்டார்: “கேட்டா மறுபேச்சில்லாமக் குடுத்துருமா?”

“ஒடனே குடுத்துரும் சித்தி!”

சித்தி சித்தப்பாவைப் பார்த்தார். அவர் கார்டின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த கிழமை அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தார். அறையைக் கேட்டார்கள். நான் அறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.

“நான் என்ன ஃபைலா, தூக்கி வெளிய போட?”

யாரும் திட்டவில்லை. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

மறுநாள் கலகெதரக்காரர் வேனோடு வந்தார். முன்னறையிலிருந்து கம்பியூட்டரும் மேசையும் போயின. அந்த இடத்துக்கு அக்காவின் கட்டில் வந்தது. சித்தப்பா வாக்குத் தவறிவிட்டார் என்று ஊர் கேட்க அழுதேன். குழந்தை பிறக்கும்வரை அவரோடு பேசவில்லை. அவரும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை. அந்தக் கட்டிலை வேறு எங்கேதான் போட்டிருக்க முடியும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.